தொழில் ஆற்றுப்படை

மக்கள் தனித்து வாழும் இயல்பினர் அல்லர். உண்ணும் சோற்றிலும், உடுக்கும் ஆடையிலும், கற்கும் நூலிலும் பிறர் கைபடாதது ஒன்றுமில்லை. அங்ஙனமிருப்ப, வாழ்க்கைக்கு ஊன்றுகோலாகிய தொழிலைத் தேடும்போது மட்டும் நம் மாணவர் பலர் தனித்தே நிற்கின்றனர். பட்டத்தாளைப் பையிலிட்டுக்கொண்டு கதவுதோறும் தட்டுகின்றனர். அன்றேல், கணினித் திரைமுன் அமர்ந்து, முகமறியா நிறுவனங்கள் நூற்றுக்கு ஒரே வாசகத்தில் விண்ணப்பம் விடுக்கின்றனர். மறுமொழி வாராதாயின் ஊழின்மேற் பழிபோட்டு ஓய்கின்றனர். அவர்பாற் கல்வி குறைந்ததோ? இல்லை. முயற்சி குறைந்ததோ? அதுவுமில்லை. வழி அறிந்தாரை அறியாமையே குறை. வழி அறிந்தாரை அறிதலையும், அறிந்தபின் அவ்வுறவைப் பேணுதலையும் இக்காலத்தார் தொழில்முறைத் தொடர்பு என்பர். அதன் இயல்பும், அதனை வளர்க்கும் முறையும், அதன்கண் விலக்கத்தக்கனவும் ஈண்டு ஆராய்வாம்.

பள்ளியில் எம்மோடு பயின்ற இருவரைப் பற்றி முதற்கண் கூறுதல் வேண்டும். இருவரும் ஆவடியைச் சார்ந்தவர். ஒருவன் மதிப்பெண்ணில் முன்னிற்பவன், மற்றவன் நடுத்தரத்தான். நடுத்தரத்தானுடைய மாமனார் தொழிற்சாலை ஒன்றில் பிட்டர் வேலை பார்த்தவர். தொழில் பழகுநரைச் சேர்க்கும் அறிவிப்பு வெளியான அன்று மாலையே அவர் தம் மருமகனை அழைத்து, இன்ன சான்றிதழ் வேண்டும், இன்ன நாளுக்குள் மனுப் போடவேண்டும் என்று உரைத்தார். அவன் மனுப் போட்டான், தகுதியினாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டான். முன்னிற்பவனுடைய தந்தையார் கட்டட வேலைக்குச் செல்பவர். அவர் குடும்பத்தில் ஆலை வாயிலைக் கண்டார் ஒருவருமிலர். அறிவிப்பு வந்ததை அவன் அறிந்தபோது நாள் கடந்து ஒன்பது நாளாகியிருந்தது. இதன்கண் எவரும் எவர்க்கும் தீங்கு செய்திலர். முறைகேடு யாதும் நிகழ்ந்திலது. ஆயினும் ஒருவன் உள்ளே சென்றான். ஒருவன் வெளியே நின்றான். இருவர்க்கும் இடைப்பட்ட வேற்றுமை ஒரு செய்தி. அச்செய்தியைக் கொணர ஒரு மனிதர். அவ்வளவே.

இதனைக் கேட்போர், "இது சிபாரிசு அன்றோ?" என வினவலாம். அன்று. சிபாரிசாவது, தகுதியில்லாதானைத் தகுதியுடையான் இருக்கையில் அமர்த்துமாறு வல்லார் ஒருவர் வாய்மொழியை வேண்டுதல். தொடர்பாவது, தகுதியுடையான் தன் தகுதியைக் காட்டுதற்குரிய இடத்தையும் காலத்தையும் முறையையும் அறிந்தார் வாயிலாக அறிதல். முன்னது பிறனுடைய சோற்றைப் பறிப்பது. பின்னது சோறு இருக்கும் இடத்திற்கு வழிகாட்டுவது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியே நம்மவருள் நாணமுடையார் பலர் எவரையும் அணுகாது ஒதுங்கிவிடுகின்றனர். நாணமிலாதாரோ எல்லாரையும் அணுகிவிடுகின்றனர்.

வழிகாட்டும் இவ்வறம் தமிழர்க்குப் புதிதன்று. பழந்தமிழ் இலக்கியத்தில் ஆற்றுப்படை என ஒருவகை நூலே இதன்பொருட்டு எழுந்தது. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் பெற்ற வளத்தைக் கூறி, அவ்வள்ளலிடம் செல்லும் வழியில் அவனைச் செலுத்துவதே ஆற்றுப்படை. ஆறு என்றது வழியை. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோரை இங்ஙனம் ஆற்றுப்படுத்தலைத் தொல்காப்பியர் புறத்திணையியலிற் கூறியுள்ளார். பத்துப்பாட்டுள் திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் ஆகிய ஐந்தும் இவ்வினத்தன. அவற்றுள் திருமுருகாற்றுப்படை இறைவன்பால் ஆற்றுப்படுத்துவது; ஏனைய நான்கும் மன்னர்பாலும் வள்ளல்பாலும் ஆற்றுப்படுத்துவன.

இந்நூல்களைத் தேர்வுக்கெனப் படிப்போர் கவனியாது விடும் செய்திகள் மூன்று உள. முதலாவது, வழிகாட்டுவோன் அரசனுமல்லன், அமைச்சனுமல்லன். நேற்றுவரை பசித்திருந்த மற்றொரு பாணனே. பிறரை ஆற்றுப்படுத்தப் பெரும்பதவி வேண்டுவதில்லை. ஓரடி முன் சென்றிருத்தல் போதும். இரண்டாவது, அவன் "நன்றாயிரு" என வாழ்த்தி அமைவதில்லை. வழியைத் தெளிவாக உரைக்கின்றான். காஞ்சியில் தொண்டைமான் இளந்திரையன்பாற் செல்லும் பெரும்பாணனுக்கு, இடையிலுள்ள நிலங்கள் எவை, அங்கு வாழ்வார் யாவர், அவரிடத்துக் கிடைக்கும் உணவு யாது என்பன எல்லாம் சொல்லப்படுகின்றன. மலைபடுகடாமோ, பன்றிக்கு வைத்த பொறி, புனங்காப்போர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை என வழியின் இடர்களையும் எடுத்துரைக்கின்றது. மூன்றாவது, அவன் பரிசிலை வாங்கித் தருவதாக வாக்களிப்பதில்லை. செல்லவேண்டியவன் இவனே, யாழை மீட்டவேண்டியவனும் இவனே. தொழில்முறைத் தொடர்பின் இலக்கணம் முழுவதும் இம்மூன்றனுள் அடங்கும் என்பது எம் துணிபு.

திருமறையிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. மனந்திரும்பிய சவுல் எருசலேமுக்கு வந்தபோது, முன்பு தம்மைத் துன்புறுத்தியவன் என்றஞ்சிச் சீடர் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பர்னபா என்பார் அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்று, வழியில் நிகழ்ந்ததையும் தமஸ்குவில் அவர் துணிந்து பேசியதையும் விவரித்தார் என அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரம் கூறுகின்றது. பர்னபா புகழுரை யாதும் புனைந்திலர். நடந்ததை நடந்தவாறே சொன்னார். பின்னரும் தர்சுக்குச் சென்று சவுலைத் தேடி அந்தியோகியாவுக்கு அழைத்துவந்தவர் அவரே. பவுலின் நிருபங்களைப் படிக்கும் நாம், அவரை முதற்கண் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் சென்ற கையை நினைப்பது அரிது.

நம் பகுதிக்கே உரிய எடுத்துக்காட்டும் ஒன்றுளது. பூவிருந்தவல்லியிற் பிறந்த திருக்கச்சி நம்பிகள், காஞ்சியில் இராமாநுசர் ஐயங்கொண்டு நின்ற காலத்து, பெரிய நம்பியை ஆசிரியராக அடையும்படி வழி தெரிவித்தார் என வைணவக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. நம்பிகள் வைசிய குலத்தினர், இராமாநுசர் அந்தணர். வழி அறிந்தாரிடத்தில் குலம் வினவாது பணிந்து கேட்டலும் இதன்கண் ஒரு பாடமாகும்.

இனி, இக்காலத்து நிலையை நோக்குவாம். அம்பத்தூர், பாடி, ஆவடி ஆகிய ஊர்களைப் போலத் தொடர்பின் பயனை வெளிப்படையாகக் காட்டும் இடம் வேறு காண்டல் அரிது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கிற்று. 1960-களின் முற்பகுதியில் பாடியில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ். முதலிய ஆலைகள் எழுந்தன. ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அந்நாளைச் சென்னை மாநில அரசு 1958-இல் கிண்டியில் தொழிற்பேட்டை கண்டபின், 1960-களில் அம்பத்தூரில் அதனினும் பெரிய தொழிற்பேட்டையை நிறுவிற்று. பெரிய ஆலைகளைச் சூழச் சிறு பட்டறைகள் பெருகின.

இப்பட்டறைகள் இயங்குமாறு அறியத்தக்கது. ஓர் உந்துவண்டியின் உறுப்பு ஒரே கூரையின்கீழ் முற்றுப்பெறுவதில்லை. ஒரு பட்டறையில் லேத்தில் கடைசல் பிடித்து, அடுத்த தெருவில் துளையிட்டு, வேறோரிடத்தில் சூடேற்றிக் கடினமாக்கி, பிறிதோரிடத்தில் முலாம் பூசிய பின்னரே அது பேராலையின் வாயிலை அடைகின்றது. ஆகவே, ஒரு பட்டறையார் மற்றொரு பட்டறையாரை அறியாது ஒருநாளும் பிழைத்தல் இயலாது. கைக்கு மீறிய வேலை வந்தால் பக்கத்துப் பட்டறைக்குக் கொடுப்பர். பொறி பழுதானால் அடுத்தவரிடம் இரவல் கேட்பர். நல்ல டர்னர் ஒருவன் வேலை தேடுகின்றான் என்னும் செய்தி தேநீர்க்கடைப் பலகையில் பிறந்து பொழுது சாய்வதற்குள் பத்துப் பட்டறைகளுக்குப் பரவும். அப்பேட்டை உற்பத்தியாளர் தமக்கென ஒரு சங்கம் அமைத்துள்ளனர். அய்மா என்பது அதன் சுருக்கப்பெயர். அச்சங்கத்தார் ஈராண்டுக்கொருமுறை சென்னை நந்தம்பாக்கத்தில் ஆக்மி என்னும் இயந்திரக் கருவிக் கண்காட்சி நடத்துகின்றனர். போட்டியாளர் பலர் ஒரே சங்கத்தில் அமர்ந்து தொழில் வளர்க்கும் இக்காட்சியைக் கல்லூரி மாணவர் ஒருமுறையேனும் காணுதல் நன்று.

நிற்க. தொடர்பு என்றவுடன் நெருங்கிய நண்பரையும் உறவினரையுமே நாம் நினைக்கின்றோம். ஆராய்ச்சியோ வேறு கூறுகின்றது. மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர், பாஸ்டன் மாநகரின் புறநகராகிய நியூட்டனில் வேலை மாறிய அலுவலரையும் தொழில் வல்லாரையும் வினவி, 1973-இல் தம் முடிபை வெளியிட்டார். பழக்கமானவர் வாயிலாக வேலை அறிந்தோருள், அங்ஙனம் அறிவித்தவரை வாரம் இருமுறையேனும் கண்டுவந்தோர் 100-க்கு 16.7 பேரே. ஆண்டுக்கொருமுறைக்கு மிகுதியாகவும் வாரம் இருமுறைக்குக் குறைவாகவும் கண்டுவந்தோர் 55.6 பேர். ஆண்டுக்கொருமுறையோ அதனினும் அரிதாகவோ கண்டோர் 27.8 பேர். அஃதாவது, வேலைச் செய்தி பெரும்பாலும் வந்தது நெருங்கியோரிடமிருந்தன்று. அறிமுகம் மட்டும் உடையோரிடமிருந்தே. காரணம் எளிது. நம்முடன் நாளும் உண்டு உறங்குவோர் அறிந்தது நாம் அறிந்ததே. வேறு வட்டத்தில் வாழ்வோரே நாம் அறியாததை அறிவர்.

இக்கொள்கையைப் பிற்காலத்தார் மேலும் ஆராய்ந்தனர். லிங்க்டின் என்னும் தொழில்தொடர்பு இணையதளத்தில் 2 கோடிக்கு மேற்பட்டோரிடை ஐந்தாண்டுகள் நிகழ்ந்த சோதனைகளின் முடிபு 2022-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. மிக நெருங்கியதும் மிக மெலிந்ததும் அல்லாத நடுத்தரத் தொடர்பே வேலைமாற்றத்திற்குப் பெரிதும் உதவிற்று என்பதும், கணினி சார்ந்த தொழில்களில் மெலிந்த தொடர்பும், அஃது அத்துணை சாராத தொழில்களில் நெருங்கிய தொடர்பும் மிகுபயன் தந்தன என்பதும் அதன் சாரம். அம்பத்தூரில் இன்று லேத் பட்டறையும் உண்டு. கணினி நிறுவனங்கள் அமைந்த மாடமாளிகையும் உண்டு. முன்னதற்கு மாமனார் வேண்டும். பின்னதற்கு முன்பொருகால் கருத்தரங்கில் கண்ட அன்பர் வேண்டும் என்று நகையாகக் கூறினும் பொருந்தும்.

இனி, இத்தொடர்பை வளர்க்கும் முறையைக் கூறுவாம்.

முதலாவது, கேட்கும் முறை. இதனை யாம் தவறியே கற்றோம். தமிழ் ஆனர்ஸ் பயின்றார்க்குத் தொழிற்பேட்டையில் என்ன வேலை என நகைப்பார் பலர். அந்நகைப்புக்கு அஞ்சி, அம்பத்தூர்ப் பகுதியில் அலுவல் பார்க்கும் பழைய மாணவர் ஒருவர்க்கு முதலாண்டில் ஒரு மடல் விடுத்தோம். "ஐயா, ஏழை மாணவனுக்கு ஏதேனும் ஒரு வேலை வாங்கித்தந்து ஆதரிக்க வேண்டுகிறேன்" என்பது அதன் பொருள். மறுமொழி வந்திலது. வாராதது அவர் குற்றமன்று. அம்மடலுக்கு என்ன மறுமொழி எழுதுவது? வேலை அவர் பையில் இருப்பதில்லை. ஓராண்டு கழித்து, எம் ஆசிரியர் ஒருவர் அறிவுரைப்படி, அவர்க்கே வேறொரு மடல் எழுதினோம். இன்ன வகுப்பில் பயில்கின்றோம். இன்ன ஆசிரியர் வாயிலாகத் தங்களை அறிந்தோம். தங்கள் ஆலையில் தமிழ் எழுத்து எங்கெங்குப் பயன்படுகின்றது என அறிய விழைகின்றோம். இருபது நிமிடம் பேச இசைவீர்களாயின் தாங்கள் குறிக்கும் நாளில் வருவோம் என்று மட்டும் எழுதினோம். மூன்றாம் நாளே மறுமொழி வந்தது.

சென்றபோது அவர் காட்டியது ஒரு துண்டுத்தாள். பொறியருகே நிற்போர் கைக்கொள்ளவேண்டிய காப்பு விதிகளைத் தமிழில் அச்சிட்டிருந்தனர். நாங்கள் இருமுறை படித்தும் பொருள் விளங்கவில்லை. "தமிழறிந்த தொழிலாளியே இதைப் படிப்பதில்லை. விரலை இழந்தபின் படித்து என்ன பயன்?" என்றார் அவர். தெளிந்த தமிழில் விதிகளும் பொறிக் கையேடுகளும் எழுதுவார் அருகியே உள்ளனர் என்பதையும், அத்துறையில் பணிசெய்யும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தாம் ஒருமுறை கூட்டமொன்றிற் கண்டிருப்பதையும் கூறி, அவர்க்கு எம்மை அறிமுகம் செய்து இரண்டு வரி எழுதினார். அம்மொழிபெயர்ப்பாளரிடமே இவ்விடுமுறையில் யாம் பயிற்சி பெறுகின்றோம். வேலையைக் கேட்டபோது கிடையாத ஒன்று, வழியைக் கேட்டபோது கிடைத்தது.

இரண்டாவது, கொண்டுசெல்வது. யாழ் இல்லாத பாணனை எவ்வள்ளலும் பேணான். அறிமுகம் கதவைத் திறக்கும். உள்ளே நிறுத்துவது கைத்திறனே. ஆகவே, காணச் செல்லுமுன் தாம் செய்த ஒரு பணியை, அது சிறு கட்டுரையாயினும் சிறு பொறியாயினும், காட்டத்தக்க நிலையில் வைத்திருத்தல் வேண்டும். சந்திக்கப்போகும் நிறுவனம் யாது செய்கின்றது என முன்னரே படித்திருத்தலும் வேண்டும்.

மூன்றாவது, பின் பேணுதல். நம்மவர் பெரிதும் வழுவுவது இங்கேதான். காரியம் முடிந்தவுடன் மறந்துவிடுகின்றனர். வழி உரைத்தார்க்கு இரண்டு நாளுள் நன்றி எழுதுக. அவர் சொன்னபடி செய்து, விளைவு நன்றாயினும் தீதாயினும் தெரிவிக்க. ஆண்டுக்கு ஒருமுறையேனும், வேண்டுகோள் ஏதுமின்றி நலம் வினவி எழுதுக. திருவள்ளுவர் நட்பைப் பற்றி நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆராய்ந்து நட்டலும், நட்டபின் பழைமை பேணுதலும் வேண்டும் என்பது அவ்வதிகாரங்களால் விளங்கும்.

நான்காவது, கொடுத்தல். "மாணவனிடம் கொடுக்க என்ன உளது?" என்பார்க்கு ஆற்றுப்படைப் பாணனே விடை. இரண்டாமாண்டு மாணவன் முதலாண்டு மாணவனுக்கு வழிகாட்டலாம். தான் கண்ட அறிவிப்பைத் தன் வகுப்பார்க்குப் படித்துக் காட்டலாம். செய்தியை ஒளித்து வைப்பவன் ஒருமுறை பயனடைவான். பகிர்ந்து கொள்பவனைத் தேடிச் செய்திகள் வரும்.

விலக்கத்தக்கனவும் சில உள. முகத்துதி கூடாது; அறிவுடையோர் அதனை முதல் வரியிலேயே கண்டுகொள்வர். அரசுப்பணித் தேர்வாணையம் நடத்துவன போன்ற போட்டித் தேர்வுகளில், பாடம் யாது, எப்படிப் படிப்பது என வினவுதல் தகும். ஆளைப் பிடித்து இடம் பிடிக்க முயலுதல் அறமன்று, குற்றமுமாம். வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவன் வழிகாட்டியல்லன், வழிப்பறிப்பவன். தம் சாதியார், தம் சபையார் என்னும் வேலிக்குள்ளேயே தொடர்பை அடைத்துக்கொள்ளுதல் யாவற்றினும் தீது. அங்ஙனம் அடைத்தால், முன் கூறிய கட்டடத் தொழிலாளியின் மகன் என்றும் வேலிக்கு வெளியேதான் நிற்பான். மெலிந்த தொடர்பே வன்மையுடையது என்னும் ஆராய்ச்சி முடிபின்படி நோக்கினும், வேலிக்குள் இருப்போர் தாமும் அறியாமையில் அடைபடுகின்றனர்.

இறுதியாக, நம் கல்லூரியைப் பற்றி ஒன்று கூறி அமைவாம். பெற்றோரும் உற்றோரும் வழியறியாத குடும்பங்களிலிருந்து வரும் மாணவர் நம்முள் பலர். அவர்க்கு மாமனாராய் நிற்கவேண்டியது கல்லூரியே. அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறனைப் பயிற்றுகின்றது, அது வரவேற்கத்தக்கது. ஆயினும், முகமறிந்த ஒருவர் தோளிற் கைவைத்து, "தம்பி, இவ்வழியாகச் செல், இவ்விடத்தில் வழுக்கும்" எனச் சொல்லும் சொல்லைத் திட்டம் எதுவும் தர இயலாது. ஆதலின், இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவர்களை யாம் வேண்டுவது சிறிது. தாங்கள் செய்யும் தொழில் யாது, ஆண்டுக்கு எத்தனை மாணவரோடு அரைமணி நேரம் பேச இயலும் என இரண்டு வரி எழுதித் தம் துறை ஆசிரியர்க்கு விடுக்குமாறு வேண்டுகின்றோம். பொருளுதவி வேண்டுவதில்லை, வேலை தரவேண்டுவதுமில்லை. எம்முடன் பயிலும் மாணவத் தோழர்களை வேண்டுவதும் சிறிதே. இப்பருவம் முடிவதற்குள் வழியறிந்தார் ஒருவரை அணுகிக் கேளுங்கள். வழியறியார் ஒருவர்க்குச் சொல்லுங்கள்.

அன்று நாள் கடந்தபின் அறிவிப்பைக் கண்ட எம் பள்ளித் தோழன் இன்று அம்பத்தூரில் ஒரு பட்டறையில் தொழில் பழகுகின்றான். அவன் கைப்பேசியில் ஆவடி மாணவர் நாற்பதின்மர்க்கு ஒரு குழு வைத்துள்ளான். எந்த அறிவிப்பு வந்தாலும் அன்றே அவர்கட்குத் தெரிவித்துவிடுகின்றான். அவனைப் போன்றார் பெருகுமாறு இறைவன் அருள்புரிவானாக.